பழைய பாக்ஸில் இருந்த அக்கா குரல்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



மேடையில் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். காலையில் இங்கே டிவியில் ஒரு படம் போட்டார்கள். எங்கள் குழுவின் முதல் ஊக்குநர் அக்கா பேசிய படம். அது முடிந்ததும் பல பேர் என்னிடம் வந்து, "இது எப்படிம்மா கிடைச்சது? அவங்க தவறிப் போய் இத்தனை வருஷம் ஆச்சே" என்று கேட்டார்கள். தலைவி அக்கா, "அதையே மேடையில சொல்லிடு" என்றார். அதனால் அதை மட்டும் சொல்கிறேன்.

2014-ல் ஒரு டிவி சேனலில் இருந்து எங்கள் ஊருக்கு வந்து, எங்கள் குழு மசாலாப் பொடி அரைத்து விற்பதைப் படம் எடுத்தார்கள். மொத்தம் 27 நிமிஷ நிகழ்ச்சி. அப்போது எங்கள் தெருவில் எங்கள் வீட்டில்தான் ரெக்கார்டு செய்கிற டிஷ் பாக்ஸ் இருந்தது. கிரிக்கெட் மேட்சைப் பிறகு போட்டுப் பார்க்கலாம் என்று என் வீட்டுக்காரர் வாங்கியது. நிகழ்ச்சி வந்த அன்று நான் ரிமோட்டில் ரெக்கார்டு பட்டனை அமுக்கினேன். அவ்வளவுதான் நான் செய்தது. பிறகு எல்லோரும் மறந்துவிட்டோம்.

2021-ல் கொரோனா இரண்டாவது அலையில் அக்கா போய்விட்டார். அவர் போட்டோ குழு அறையில் மாட்டியிருக்கிறது. ஆனால் குரல் எங்கேயும் இல்லை. கடைசி வரைக்கும் பட்டன் போன்தான் வைத்திருந்தார். அதற்கப்புறம் பிறந்த பேரப்பிள்ளைக்குப் பாட்டி எப்படிப் பேசுவாள் என்றே தெரியாது.

போன வருஷம் எங்கள் பாக்ஸ் மக்கர் பண்ண ஆரம்பித்தது. உள்ளே டக் டக் என்று சத்தம். படம் அப்படியே நின்றுவிடும். சர்வீஸ் தம்பி வந்து, "பழசைக் கொடுங்கக்கா, புதுசு மாத்தித் தர்றேன்" என்றார். "இதுல ரெக்கார்டு பண்ணினது?" என்று கேட்டேன். "அது புதுசுல வராதுக்கா" என்றார். சரி போகட்டும் என்று கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டேன். திண்ணையில் இருந்த என் மாமியார்தான், "அவ பேசினது அதுலதானேடி இருக்கு, அதையும் சேர்த்துக் கொடுத்துடுவியா?" என்றார். எனக்குத் திக்கென்று ஆகிவிட்டது. தம்பியைத் திருப்பி அனுப்பினேன்.

அதற்கப்புறம் பட்ட பாடு இருக்கிறதே! பாக்ஸின் பின்னால் பென் டிரைவ் செருகுகிற இடம் இருந்தது. செருகினேன், ரெக்கார்டு அதில் ஏறவில்லை. இதற்குள் ரீசார்ஜ் முடிந்துபோனது. நாம் பதிவு செய்ததுதானே என்று போட்டுப் பார்த்தால், அதுவும் திறக்கவில்லை. ஒரு மாசத்துக்குச் சின்ன பேக் போட்ட பிறகுதான் திறந்தது. காலேஜ் படிக்கிற என் அண்ணன் மகன், "அத்தை, உள்ளே இருக்கிற ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டுடலாம்" என்றான். எனக்குப் பயமாக இருந்தது. கல்யாண கேசட்டை எல்லாம் சிடியில் ஏற்றிக் கொடுத்த டவுன் ஸ்டூடியோ அண்ணனிடம் போய்க் கேட்டேன்.

அவர் சொன்னதை நீங்களும் நினைவில் வையுங்கள். மாசக் கட்டணம் கட்டுகிற டிஷ் பாக்ஸில் ரெக்கார்டு பூட்டுப் போட்ட மாதிரி சேமிக்கப்படுகிறது. சாவி அந்தப் பாக்ஸிலும் அதில் செருகியிருக்கும் கார்டிலும்தான் இருக்கிறது. டிஸ்க்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டினால் படம் வராது. "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும். ஆமாம் என்று அமுக்கிவிட்டால் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். அதனால் பாக்ஸிலேயே படத்தை ஓடவிட்டு, ஓட ஓடத்தான் பிடிக்க வேண்டும். 27 நிமிஷப் படத்துக்கு 27 நிமிஷம் ஆகும்.

அவருக்குக் கூலி, ஒரு பென் டிரைவ், எல்லாம் சேர்த்து 600 ரூபாய் ஆகும் என்றார். குழுக் கூட்டத்தில் பேசினோம். "பழைய டிவி படத்துக்கு 600 ரூபாயா? அதுல மிளகாய் வாங்கலாமே" என்று ஒரு சகோதரி சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. குழுப் பணத்தைத் தொடக்கூடாது, 12 பேரும் ஆளுக்கு 50 ரூபாய் போடுவது என்று தீர்மானம் எழுதினோம். அந்தச் சகோதரிதான் முதலில் கொடுத்தார்.

பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வர வேண்டாம், ஆட்டத்தில் டிஸ்க் போய்விடும் என்று ஸ்டூடியோ அண்ணனே வீட்டுக்கு வந்தார். முதலில் எச்டிஎம்ஐ வயரைப் போட்டார். லேப்டாப்பில் வெறும் கறுப்புத்தான். அந்த வழியில் காப்பி எடுக்க முடியாதபடி தடுப்பு இருக்கிறதாம். பிறகு மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று பின் இருக்கிற பழைய வயரைப் போட்டார். மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் சத்தத்துக்கு. அந்த வயரின் மறுமுனையை ஒரு சின்னக் கருவி வழியாக லேப்டாப்பில் செருகினார். அக்கா வந்துவிட்டார்!

16-வது நிமிஷத்தில் பாக்ஸ் நின்றுபோனது. தொட்டால் சுட்டது. ஒரு மணி நேரம் அணைத்து வைத்து, பக்கத்தில் டேபிள் ஃபேன் போட்டு, மீதியைப் பிடித்து ஒட்டினார். படம் நடுவில் ஒரு இடத்தில் குதித்ததே, அது அந்த ஒட்டுதான்.

"பேங்கு வாசல் வரைக்கும் போய் மூணு தடவ திரும்பி வந்தேன். நாலாவது தடவதான் உள்ள போனேன்" என்று அக்கா சொல்கிற இடத்தில் என் மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா மகள், "அம்மா இப்படித்தான் இழுத்து இழுத்துப் பேசும், நானே மறந்துட்டேன்" என்றாள். பேரப்பிள்ளை டிவி பக்கத்தில் போய் நின்றுகொண்டது. அடுத்த மாசம் அந்தப் பாக்ஸ் ஆன் ஆகவே இல்லை.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருக்கலாம். நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

பழைய பாக்ஸை மாற்றிக் கொடுக்கும் முன் அதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வேலை முடிகிற வரை ரீசார்ஜை விடாதீர்கள். கார்டைப் பத்திரமாக வையுங்கள்.

மாசக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் பாக்ஸ் என்றால் வேலை சுலபம். பல பாக்ஸ்களில் நேராகப் பென் டிரைவிலேயே ரெக்கார்டு ஆகும். அதைக் கம்ப்யூட்டரில் விஎல்சி என்கிற மென்பொருளில் பெரும்பாலும் பார்க்கலாம், காப்பியும் எடுக்கலாம்.

ஸ்டூடியோ வசதி இல்லையா? அறையை இருட்டாக்கி, ஃபேனை அணைத்து, போனை அசையாமல் நிறுத்தி டிவியைப் படம் எடுங்கள். சுமாராகத்தான் வரும். ஆனாலும் குரலாவது மிஞ்சும்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் படம் மங்கிவிடும். டாக்குமெண்ட் என்று அனுப்பினால் அப்படியே போகும். ஒரே இடத்தில் வைக்காதீர்கள். எங்கள் படம் இப்போது அக்கா மகள் வீட்டில் ஒன்று, கூட்டமைப்பு அலமாரியில் ஒன்று இருக்கிறது. தீர்மானப் புத்தகத்திலும் எழுதி வைத்திருக்கிறோம்.

அக்கா நாலாவது தடவை அந்த வாசலைத் தாண்டியதால்தான் நாங்கள் 12 பேரும் இன்று பயமில்லாமல் பேங்குக்குப் போகிறோம். அதை நான் சொல்வதைவிட அவர் வாயால் நம் பிள்ளைகள் கேட்கட்டும் என்றுதான் இவ்வளவு பாடும். உங்கள் குழுவின் மூத்தவர்கள் இப்போது நம்மோடு இருக்கிறார்கள். ஊருக்குப் போனதும் போனை எடுத்து அவர்களைப் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.