மூடிய கிளப்பும் நம் மரப்பீரோவும்
(ஆண்டு சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



கால்பந்து பற்றி நான் பேசப்போகிறேன் என்றதும் என் வகுப்புத் தோழர்கள் சிரித்திருப்பார்கள். மூன்று வருஷமும் ரிசர்வ் பெஞ்சைத் தேய்த்தவன் நான். ஆனால் ஒன்று, உட்கார்ந்து பார்ப்பவனுக்குத்தான் கேள்வி வரும்.

வேலை நிமித்தம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் சில காலம் இருந்தேன். அங்கே கேத்கின் பார்க் என்று ஒரு பூங்கா. நடுவே கால்பந்து மைதானம். சுற்றிலும் ரசிகர்கள் நின்று பார்த்த படிக்கட்டுகள், இரும்புத் தடுப்புகள். படிகளுக்கிடையே மரங்கள் வளர்ந்து நிற்கின்றன. நாயோடு நடந்து வந்த ஒரு பெரியவரிடம், "இது யார் கிரவுண்டுங்க?" என்று கேட்டேன். "தேர்ட் லனார்க்" என்றார். அன்று பிடித்தது எனக்கு இந்தப் பைத்தியம்.

விடுமுறை நாட்களில் மிட்செல் நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டினேன். 1872-ல் தன்னார்வப் படைவீரர்கள் தொடங்கிய கிளப். 1889, 1905-ல் ஸ்காட்டிஷ் கோப்பை. 1904-ல் லீக் சாம்பியன். 1967-ல் ஆளே இல்லை!

ஆட்டம் மோசமாகியிருக்கும், அதனால் மூடியிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் 1960-61 சீசனில் 34 லீக் ஆட்டங்களில் 100 கோல் போட்டு மூன்றாம் இடம் பிடித்திருக்கிறார்கள். நூறு கோல் போட்ட டீம் ஆறே வருஷத்தில் எப்படிச் சாகும்?

விளையாட்டுப் பக்கத்தில் விடை இல்லை. நீதிமன்றச் செய்திகளில் இருந்தது. 1965-ல் இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கம். 1967 ஏப்ரல் 28-ல் டம்பார்ட்டனிடம் 5-1 தோல்வி. அதுவே கடைசி ஆட்டம். பிறகு கம்பெனி கலைப்பு. அரசின் வர்த்தக வாரிய விசாரணையில் நிர்வாக முறைகேடுகள் வெளிவந்தன. 1968-ல் இயக்குநர்கள் நால்வர் கம்பெனிச் சட்டத்தை மீறியதாகத் தண்டிக்கப்பட்டார்கள். டீம் களத்தில் தோற்றதால் சாகவில்லை ஐயா, ஆபீஸ் அறையில் செத்தது.

ஆராய்ச்சியில் நான் கற்றது இதுதான்: ஸ்கோரை மட்டும் படித்தால் தவறான முடிவுக்கு வருவோம். கணக்குப் புத்தகத்தையும் படிக்க வேண்டும். அந்த ஊரில் இரண்டையும் எழுதி வைத்திருந்தார்கள். அதனால்தான் எங்கிருந்தோ போன என்னால்கூட உண்மையைக் கண்டுபிடிக்க முடிந்தது.

நம்மிடம் என்ன இருக்கிறது? நேற்று உடற்கல்வி அறை மரப்பீரோவைத் திறந்து பார்த்தேன். ஒரு கோப்பை, செல்லரித்த இரண்டு நோட்டு, பதினொரு பேர் நிற்கும் ஒரு போட்டோ. பின்பக்கம் வெறுமை! அதில் நாலு பேரைத்தான் எனக்குத் தெரிகிறது. மற்றவர்களை அடையாளம் சொல்லக்கூடிய சீனியர்கள் மூன்று பேர் இதோ முன்வரிசையில் இருக்கிறார்கள். அடுத்த சந்திப்புக்கும் அவர்கள் வரவேண்டும் என்பது என் பிரார்த்தனை. ஆனாலும் பிரார்த்தனையை நம்பிச் சரித்திரத்தை விட்டுவைக்க முடியாதே!

தம்பிகளா, தங்கைகளா, சாப்பாட்டுப் பந்திக்குப் போகுமுன் ஒரு பென்சிலோடு அந்த மூவரிடமும் போய் உட்காருங்கள். பெயர், வருஷம், ஆடிய இடம், யார் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார்கள் என்பது வரை கேட்டு எழுதுங்கள். போட்டோவை நான் கையோடு கொண்டுவந்திருக்கிறேன்.