யாருக்கு எந்த இருக்கை?

வகுப்பில் யார் எங்கே அமர்வது என்ற வழக்கைத் தீர்ப்பதிலேயே என் உத்தியோக காலத்தில் பாதி கழிந்தது. ஆகையால், அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமானக் கம்பெனியின் பழைய வழக்கம் எனக்குச் சுவையாக இருக்கிறது. 1971-இல் டெக்சாஸில் பறக்கத் தொடங்கிய அக்கம்பெனி, பயணிகளுக்கு இருக்கை எண் கொடுக்கவில்லை. முன்னால் ஏறியவர் விரும்பிய இடத்தில் அமரலாம். எவருக்கும் வேண்டாதது நடு இருக்கைதான். வகுப்பில் என் மேஜைக்கு நேர் எதிர்ப் பெஞ்சைப் போல!

இதைச் சமத்துவம் என்று மகிழ்ந்துவிட வேண்டாம். ஏறும் வரிசைக்கு எண் உண்டு; 2009 முதல், முந்திய எண்ணை நாடுவோர் அதற்கெனப் பணமும் கட்டலாயினர். ஆயினும் சிறு குழந்தையுடன் வந்தோரை முதற் பிரிவினர் ஏறியவுடனே அழைத்தார்கள். தாயும் பிள்ளையும் சேர்ந்து உட்கார இடம் மிஞ்சியிருந்தது.

2026 ஜனவரி 27 முதல் அங்கும் எண்ணிட்ட இருக்கைகளே. வரிசையில் முந்தும் தவிப்பு ஒழிந்தது. என்னைப் போன்ற முதியவர்க்கு அது பெரிய நிம்மதி. ஆனால் கால் நீட்ட இடமுள்ள இருக்கைக்கு விலை கூடுதல். மிகக் குறைந்த கட்டணத்தில் வருவோர்க்குக் கம்பெனி ஒதுக்கியதே இடம். கண் மங்கிய மாணவனை முன் பெஞ்சில் அமர்த்தும்போது அவன் தந்தையின் வருமானத்தை நான் விசாரித்ததில்லை. ஜன்னலை விற்கட்டும், கால் நீட்டும் இடத்தை விற்கட்டும். தாய்க்கும் பிள்ளைக்கும் அடுத்தடுத்த இருக்கைகளை மட்டும் எந்தக் கம்பெனியும் விலை பேசாமல் கொடுத்துவிட வேண்டும்.