ஒளியால் ஒற்றறிதல்
(சடையங்குப்பத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



2023 திசம்பர்ப் புயல்வெள்ளத்தோடு எண்ணூர்க் கழியில் எண்ணெய் பரவியதை நாம் கண்ணாரக் கண்டோம். படகும் வலையும் கறுத்தன. அது வெளிக்கறை. மீனின் உடலுள் நிகழும் கேட்டைக் காண்பது எவ்வாறு? அதனைச் சொல்லவே வந்தேன்.

எண்ணெய்க் கழிவும் மாழை நஞ்சும் மீனின் ஈரலுட் புகுந்தால், உயிர்வளியினின்று முரட்டு மூலக்கூறுகள் மிகுதியாகத் தோன்றும். அவற்றுள் ஐதராக்சில் என்பதன் வாழ்நாள், நொடியை நூறு கோடிக் கூறிட்டால் ஒரு கூற்றளவே. கண்ணிமைக்கும் நேரம் அதற்கு ஓர் ஊழி! தோன்றிய இடத்திலேயே கொழுப்பையும் புரதத்தையும் சிதைத்து மறைந்துவிடும்.

அதனை அறிய வழி இரண்டு. ஒன்று, அடிச்சுவடு காணல். வடசென்னைப் பாரதி மகளிர் கல்லூரி உயிர்வேதியியல் துறையினர் 2009 அளவில் எண்ணூர் மடவை மீனையும் கோவளத்து மடவை மீனையும் ஒப்பிட்டனர். எண்ணூர் மீனின் ஈரலில் கொழுப்புச் சிதைவு மிகுந்திருந்தது. கள்வனைக் காணவில்லை; உடைத்த கதவைக் கண்டனர்.

மற்றொன்று, உள்ளே ஒற்றனை விடுத்தல். செருமானிய அறிஞர் பேயர் 1871இல் ஆக்கிய புளோரசீன் என்னும் சாயத்தின் வழிவந்த ஒரு பொருள் உண்டு. அது ஒளியின்றி உயிரணுவுட் புகும். அங்குள்ள நொதி அதன் மேலுறையை வெட்டியபின் எளிதில் வெளியேறாது. முரட்டு மூலக்கூறுகள் தாக்கியதும் உருமாறி, நீல ஒளி பட்டவுடன் பச்சையாய் ஒளிரும். கள்வன் மறைந்தாலும் ஒற்றனின் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்! இதனை யான் ஒளியொற்று என்பேன்.

ஆயினும் இவ்வொற்று ஒன்றையே நம்பலாகாது. தாக்கியது எம்மூலக்கூறு என அது பிரித்துரைக்காது. ஆய்வு விளக்கின் ஒளியே அதனைப் பொய்யாய் ஒளிர்விப்பதும் உண்டு. திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம், ஒருவன் உளவறிந்து சொன்னதை வேறொருவனைக் கொண்டும் தேர்க என்கின்றது. இன்றைய ஆய்வுக்கூடத்துக்கும் அதுவே நெறி. ஒளியொற்றும் அடிச்சுவடும் ஒத்துரைத்தாலே உண்மை துணியப்படும்.

தோழர்களே! கழி தூய்மையாயிற்று என எவரேனும் சொன்னால், நீரின் நிறம் கண்டு அமையாதீர். மீனின் ஈரலைப் பார்த்தீரா, எவ்வொற்றால் அறிந்தீர், மற்றொன்றால் ஒத்துப் பார்த்தீரா எனத் தாய்மொழியில் வினவுங்கள். வினவத் தெரிந்த ஊரை ஏய்ப்பது அரிது.