மக்காச்சோளம் நம் வீட்டு அடுப்பிலும் ஏறட்டும்
(உழவர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெரம்பலூர், அரியலூர், திண்டுக்கல் போன்ற மாவட்டங்களில் மக்காச்சோளம் பரவலாகப் பயிராகிறது. விளைந்ததில் பெரும்பகுதி கோழித்தீவனத்துக்குப் போய்விடுகிறது. அதில் தவறில்லை, கையில் காசு வேண்டும். ஆனால், கோழிக்கு ஊட்டம் தரும் தானியம் நம் பிள்ளைகளின் கிண்ணத்துக்கும் வரலாம் அல்லவா? அதற்கு ஒரு வழி சொல்கிறேன்.

அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியில், இளங்கதிர் மணிகளையும் உருளைக்கிழங்கையும் பாலில் சேர்த்துக் கெட்டியாக ஒரு சூப் காய்ச்சுவார்கள். 'கார்ன் சௌடர்' என்பது அதன் பெயர். அவர்கள் பன்றிக் கொழுப்பில் வெங்காயத்தை வதக்குவார்கள். நமக்கு வெண்ணெய் போதும்.

இதில் பால் ருசிக்காக மட்டும் சேர்வதல்ல. மக்காச்சோளப் புரதத்தில் லைசின், டிரிப்டோபேன் என்ற இரு சத்துகள் குறைவு. பால் அந்தக் குறையை நிரப்புகிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்கத் தென்மாநிலங்களில் மக்காச்சோளத்தையே பெரிதும் நம்பி வாழ்ந்த ஏழை மக்களைப் 'பெல்லக்ரா' நோய் வாட்டியது. தோல் புண்ணாகி, வயிற்றுப்போக்கு கண்டு, புத்தி பேதலித்துப் பலர் மாண்டனர். தொற்றுநோய் என்றே பலர் நினைத்தனர். 1914-இல் ஆய்வைத் தொடங்கிய டாக்டர் ஜோசப் கோல்ட்பெர்கர், அனாதை இல்லக் குழந்தைகளின் உணவில் பால், முட்டை, இறைச்சி, பயறு வகைகளைச் சேர்த்து, உணவுக் குறையே காரணம் என்று காட்டினார். ஆகவே மக்காச்சோளத்தைத் துணையோடு உண்ண வேண்டும்.

எந்தக் கதிரை ஒடிப்பது? பட்டிழை வெளிவந்து ஏறக்குறைய 20 நாள் ஆனதும் பாருங்கள். இழை காய்ந்து பழுப்பாகவும், உறை பச்சையாகவும் இருக்கும். மணியை நகத்தால் கீறினால் பால் வர வேண்டும். தண்ணீராக வந்தால் பிஞ்சு. மாவாக இருந்தால் முற்றல். ஒடித்தபின் இனிப்பு மாவாக மாறத் தொடங்கும். எனவே அன்றே சமையுங்கள்.

ஐந்து பேருக்கு 6 கதிர், கால் கிலோ உருளைக்கிழங்கு, ஒரு பெரிய வெங்காயம், அரை லிட்டர் பால், ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய், உப்பு, மிளகுத்தூள் வேண்டும். மணிகளைக் கத்தியால் சீவி, கதிர்த்தண்டில் ஒட்டியிருக்கும் பாலையும் வழித்தெடுங்கள். தண்டுகளை எறியாமல் 4 டம்ளர் தண்ணீரில் 20 நிமிடம் வேகவைத்து, அந்தச் சாற்றை வடித்துக்கொள்ளுங்கள். வெண்ணெயில் வெங்காயத்தை வதக்கி, நறுக்கிய கிழங்கையும் சாற்றையும் சேர்த்து வேகவிடுங்கள். கிழங்கு வெந்ததும் மணிகளையும் வழித்த பாலையும் போட்டு, மணி மெத்தென்று ஆகும்வரை கொதிக்கவிடுங்கள். மூன்றில் ஒரு பங்கை எடுத்து மசித்து, மறுபடியும் அதிலேயே கலந்தால் தானே கெட்டிப்படும். தீயைக் குறைத்து, காய்ச்சிய பாலை ஊற்றிச் சூடாக்குங்கள், கொதிக்கவிட்டால் திரிந்துபோகலாம். உப்பு, மிளகு சேர்த்து இறக்குங்கள். வேகவைத்த ஒரு கைப்பிடி பாசிப்பருப்பைச் சேர்த்தால் சத்து இன்னும் கூடும்.

ஓர் எச்சரிக்கை. 2018-இல் படைப்புழு நம் நாட்டுக்குள் வந்தபின் மக்காச்சோளத்தில் மருந்து தெளிப்பது அதிகமாகிவிட்டது. வீட்டுக்கென்று சில வரிசைகளை ஒதுக்கி, எந்த நாளில் என்ன மருந்து தெளித்தீர்கள் என்று குறித்து வையுங்கள். மருந்துப் புட்டியின் சீட்டில் கண்ட காத்திருப்பு நாள் கழியாமல் கதிரை ஒடிக்காதீர்கள். மருந்து கலந்த விதை மிஞ்சினால், கழுவியும் சமைக்கக் கூடாது. பூசணம் பிடித்த கதிரும் வேண்டாம்.

அடுத்த போகத்தில் சில வரிசைகள் வீட்டுக்கென்று நிற்கட்டும்.