ஒற்றைக் காமிராவும் முழங்கால் கணக்கும்
(வாசகசாலைக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



சாதாரணக் காமிரா ஒன்றின் முன் நடந்தால் போதும், உடம்பின் அசைவு முழுவதையும் யந்திரம் அளந்துவிடுகிறது என்பதைக் கேட்டு, இது ஏதோ ஞானதிருஷ்டி என்று இங்கு சிலர் பேசிக்கொள்ளுகிறார்கள். அப்படி ஒரு மண்ணும் இல்லை.

1880-களில் பாரிஸில் மாரே என்பவர் ஓர் ஆளுக்குக் கறுப்புடை மாட்டி, கை கால்களில் வெள்ளைக் கோடு ஒட்டி, கறுப்புப் பின்னணியில் நடக்கவிட்டு, ஒரே காமிராவால் ஒரே தகட்டில் பல தடவை படம் பிடித்தார். ஆள் மறைந்து கோடுகளின் அசைவு மட்டும் பதிந்தது. இப்பொழுது அந்தக் கோடு வேண்டியதில்லை. ஏன்? மனிதர்களே உட்கார்ந்து குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். கோக்கோ என்ற படத்தொகுதியில் மாத்திரம் 2,50,000 மனித உருவங்களில் மூக்கு, தோள், முழங்கை, முழங்கால் என ஆளுக்கு 17 இடம் வரை கையால் குறிக்கப்பட்டது. அதைப் பார்த்துப் பழகிய கணக்குத்தான், புதுப்படத்தில் மூட்டு இங்கே இருக்கலாம் என்கிறது. "இருக்கலாம்" என்பதைக் கவனியுங்கள். 2017-ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஓபன்போஸ், ஒவ்வொரு புள்ளிக்கும் அது எவ்வளவு நிச்சயம் என்று ஓர் எண்ணையும் சேர்த்தே கொடுக்கிறது. நமக்கு அதைக் காட்டுகிறவர் யார்?

இன்னொன்று. விளக்கின் முன் நின்று சுவரில் உங்கள் நிழலைப் பாருங்கள். கை விளக்குப் பக்கம் நீண்டதா, சுவர்ப்பக்கம் நீண்டதா என்று நிழல் சொல்லாது. ஒற்றைக் காமிராவின் சங்கடமும் கிட்டத்தட்ட இதுதான். 2010-ல் வந்த கினெக்ட், கண்ணுக்குத் தெரியாத ஒளியை வீசித் தூரத்தை அளந்தது. சாதாரணக் காமிராவோ தூரத்தை ஊகிக்க வேண்டியதுதான்.

என் சிநேகிதர் ஒருவர் கால் முறிந்து தேறிவந்தார். ஒரு வைத்திய நிலையத்தில் அவரை நேர் எதிரே நடக்கவிட்டு, கைப்பேசிக் காமிராவில் பிடித்து, முழங்கால் நன்றாக மடங்குகிறதென்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவரோ கணுக்கால்வரை வேட்டி கட்டியிருந்தார்! வீட்டில் மடக்கச் சொன்னேன், பாதியில் நின்றது. "யந்திரமே சொல்லிவிட்டதே" என்றார். வலிக்கிற முழங்காலுக்குச் சொந்தக்காரர் பேசுகிற பேச்சா இது?

மறுநாள் இருவரும் போனோம். வேட்டியை மடித்துக் கட்டுகிறோம், பக்கவாட்டில் வைத்துப் பிடியுங்கள், கோணமானியாலும் அளந்து பாருங்கள் என்றோம். கோபித்துக்கொண்டார்கள். கேள்வி கேட்டால் கோபம் வருவது மடத்தில் மாத்திரம் அல்ல போலும்! ஆனாலும் அளந்தார்கள். அளந்தபின், இன்னும் ஆறு வாரம் பயிற்சி வேண்டுமென்று சீட்டை மாற்றி எழுதிக் கொடுத்தார்கள்.