பெண் நலம் பேணுதல் கற்றவர் கடமை

(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் மகளிர் அரங்கில் ஆற்றிய உரை)

   

காலை முதல் இம்மேடையில் பேசிய அன்பர்கள், நம் சங்கத்தின் துணையால் பட்டம் பெற்றவர்களையும் பணியில் அமர்ந்தவர்களையும் கணக்கிட்டுக் கூறினர். கேட்கக் கேட்க நெஞ்சம் பூரித்தது. ஆயினும் அக்கணக்கில் ஒன்று விடுபட்டுவிட்டது. இச்சங்கம் தொடங்கிய நாளில் நம்மிடம் பணமில்லை. வாரந்தோறும் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி பெற்று, அதை விற்றுத்தான் நோட்டும் புத்தகமும் வாங்கினோம். அந்தப் பிடியரிசி யாருடைய பங்கிலிருந்து எடுக்கப்பட்டது? கணவனுடைய பங்கிலிருந்தும் அன்று, பிள்ளைகளுடைய பங்கிலிருந்தும் அன்று. கடைசியாக உண்ணும் தாயின் தட்டிலிருந்தே எடுக்கப்பட்டது. அத்தாய்மார்களின் உடல் இன்று எந்நிலையில் இருக்கிறது என்று கேட்பதற்காகவே இப்பொருளை நான் விரும்பிப் பெற்றேன்.

ஆண்மகனாகிய நான் பெண்களின் உடல்நலம் பற்றிப் பேசுவது தகுமா என்று நண்பர் ஒருவர் தயங்கினார். ஆண்கள் பேசாமையும் கேளாமையும் இந்நோய்களின் பாதிக் காரணம் என்பது என் துணிபு. அதற்கு நானே சான்று.

என் தாயார் நடவுக்கும் களையெடுப்புக்கும் சென்று எங்களைப் படிக்க வைத்தவர். நாங்கள் மூவரும் ஆண்மக்கள், மூத்தவன் நான். நான் பி.ஏ., பி.எட். முடித்து ஆசிரியனான பிறகு ஒருநாள் காய்ச்சலுக்காக அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். சீட்டு எழுதுபவர் பெயர் கேட்டார். அம்மா என் தந்தையின் பெயரைச் சொல்லி, "அவர் சம்சாரம்" என்றார். "உங்க பேர் என்னம்மா?" என்று மீண்டும் கேட்ட பிறகே தம் பெயரைச் சொன்னார். உள்ளே செவிலியர் ஒருவர் அவரைத் தனியே அழைத்து, "வேறு ஏதாவது தொந்தரவு உண்டா அம்மா?" என்று வினவியிருக்கிறார். பதினேழு ஆண்டுகளாக மறைத்து வைத்திருந்ததை அந்த ஒரு கேள்விக்கு என் தாயார் சொல்லிவிட்டார். கடைசித் தம்பி பிறந்த இருபதாம் நாள் அவர் நெற்கட்டுச் சுமக்கப் போனார். அன்று முதல் கருப்பை கீழிறங்கிவிட்டது. உட்கார்ந்தால் வலி, இருமினால் சிறுநீர் கசியும். அந்நிலையிலேயே பதினேழு ஆண்டுகள் சேற்றில் நின்று நாற்று நட்டிருக்கிறார். "ஏம்மா சொல்லவில்லை?" என்று கேட்டேன். "நீங்க யாரும் கேக்கலையே, தம்பி" என்றார்.

நான் கற்ற கல்வி அத்தனையும் அந்த ஒரு சொல்லின் முன் தலைகுனிந்து நின்றது.

கல்விச் சங்கத்தின் மேடையில் இது எதற்கு என்று எவரேனும் எண்ணுவீர்களாயின், நம் முன்னோர்களின் வரலாற்றை நோக்குங்கள். 1848ஆம் ஆண்டில் புனே நகரில் சோதிராவ் புலே அவர்களோடு இணைந்து பெண்களுக்குப் பள்ளி நடத்தத் தொடங்கிய சாவித்திரிபாய் புலே, 1897இல் கொள்ளை நோயுற்றவர்களுக்குப் பணிவிடை செய்கையில் அந்நோய் தொற்றியே உயிர் நீத்தார். கல்வியையும் உடல்நலத்தையும் அவர் இரண்டாகப் பிரித்துப் பார்க்கவில்லை. அண்ணல் அம்பேத்கர் 1928ஆம் ஆண்டில் பம்பாய்ச் சட்டசபையில், ஆலையில் உழைக்கும் பெண்களுக்கு மகப்பேற்றுக் காலத்தில் ஓய்வும் உதவித்தொகையும் வழங்கும் மசோதாவை ஆதரித்து வாதாடினார். 1942 ஜூலையில் நாக்பூரில் சுலோசனாபாய் டோங்ரே தலைமையில் கூடிய மகளிர் மாநாட்டில், ஒரு சமுதாயம் அடைந்த முன்னேற்றத்தை அதன் பெண்கள் அடைந்த முன்னேற்றத்தைக் கொண்டே தாம் அளப்பதாகக் கூறினார். அவ்வுரையிலேயே தூய்மையைப் பேணவும், பிள்ளைகளுக்கு மணம் முடிப்பதில் அவசரப்படாதிருக்கவும், மனைவி கணவனுக்கு அடிமையாகாமல் தோழியாக நிற்கவும் அறிவுறுத்தினார். ஆகவே இன்று நான் புதிதாக ஒன்றும் கூறவில்லை, மறந்ததை நினைவூட்டுகிறேன்.

தமிழிலக்கியத்தில் உலா என்றொரு வகை உண்டு. அதில் பெண்ணின் பருவங்களைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழாகப் பகுத்தனர். உலா வரும் தலைவனைக் கண்டு மயங்குவோராக அப்பெண்களைப் பாடினர். பேதைப் பருவம் ஐந்து வயதில் தொடங்குகிறது. பேரிளம்பெண் பருவம் நாற்பதில் முடிகிறது. நாற்பதுக்கு மேல் வாழும் பெண்ணுக்கு அப்பகுப்பில் பெயரே இல்லை. அழகை அளவாகக் கொண்ட பகுப்பு அது. உழைக்கும் நம் பெண்களுக்கு உடல்நலத்தை அளவாகக் கொண்ட வேறொரு பகுப்பு வேண்டும்.

முதலாவது, சிறுமிப் பருவம். 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். ஆண்களில் அது நூற்றுக்கு 25. தமிழ்நாட்டிலும் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்நிலையினரே. இதற்கான விதை சிறுமிப் பருவத்திலேயே ஊன்றப்படுகிறது. அண்ணனுக்கு முட்டை, தங்கைக்குக் குழம்பு என்னும் வழக்கம் நம் வீடுகளில் இல்லையென்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா? எங்கள் பள்ளியில் காலை வழிபாட்டில் மாணவி ஒருத்தி மயங்கி விழுந்தாள். "படிப்பில் மந்தம்" என்று அவளைப் பற்றி எழுதியவன் நானே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதித்தபோது 12 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 7 கிராம்தான் இருந்தது. குடற்புழு மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் சில மாதங்கள் முறையாக உட்கொண்ட பின் அவள் முன்வரிசையில் அமர்ந்து விடை சொன்னாள். மந்தம் அறிவில் இல்லை, இரத்தத்தில் இருந்தது.

இதற்கு விலையுயர்ந்த மருந்து வேண்டியதில்லை. முருங்கைக்கீரை, கேழ்வரகு, கம்பு, எள், வேர்க்கடலை ஆகியவை நம் மண்ணில் விளைபவை. ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் மாட்டிறைச்சியும் உடல் எளிதில் ஏற்கும் இரும்புச்சத்து நிறைந்தவை. பிறர் இழிவாகப் பேசினர் என்பதற்காக நம் பாட்டியர் ஆக்கித் தந்த உணவைக் கண்டு படித்த பிள்ளைகள் நாணுவது பேதைமை. உணவோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்கு உட்கொள்ளப்படும். உண்டவுடன் தேநீர் அருந்தினால் அது தடைப்படும். கொக்கிப்புழு வெறுங்காலின் வழியே உடலில் புகுந்து இரத்தத்தை உறிஞ்சும். ஆகவே செருப்பும் மருந்துதான். செருப்பணிந்து ஊர்த் தெருவில் நடக்க நம்மைத் தடுத்தவர்கள் நம் மானத்தை மட்டுமா பறித்தார்கள்? நம் இரத்தத்தையும் அன்றோ பறித்தார்கள்!

இரண்டாவது, பூப்பெய்தும் பருவம். அந்நாளில் நம் பாட்டியர் பெண்ணுக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் ஊட்டினர். அது சிறந்த வழக்கம். ஆனால் அக்கவனிப்பு பத்து நாளில் முடிந்துவிடுகிறது; மாதவிலக்கோ ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் தொடர்கிறது. மஞ்சள் நீராட்டு விழாவுக்குக் கடன் வாங்கிப் பந்தலும் பதாகையும் அமைக்கிறோம். அப்பெண்ணுக்கு இரத்தப் பரிசோதனை செய்தோமா? வீட்டில் கதவுள்ள கழிப்பறை கட்டினோமா? மாதவிலக்கு தீட்டன்று, அது உடலின் இயற்கை. தீட்டு என்னும் சொல்லின் கொடுமையைத் தலைமுறை தலைமுறையாக அனுபவித்த நாம், அச்சொல்லை நம் வீட்டுப் பெண்ணின்மீது ஏவலாமா?

பூப்பெய்தியதும் மணம் பேசுவோரும் இன்னும் இருக்கின்றனர். பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்கு மணம் முடிப்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதைவிடப் பெரிய குற்றம், தன் உடலே வளர்ந்து முடியாத ஒருத்தியின்மீது இன்னோர் உயிரின் சுமையை ஏற்றுவது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. மணத்துக்குத் தந்த உதவி படிப்புக்குத் தரும் உதவியாக மாறியதன் பொருளைப் பெற்றோர் உணர வேண்டும்.

மூன்றாவது, தாய்மைப் பருவம். 2018–20ஆம் ஆண்டுகளின் கணக்குப்படி இந்தியாவில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 97 தாய்மார்கள் மாண்டனர். தமிழ்நாட்டில் 54 பேர். ஊர்தோறும் பணியாற்றும் கிராமச் செவிலியர்களுக்கும் அரசு மருத்துவமனைகளுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987இல் தொடங்கிய மகப்பேறு உதவி 2018ஆம் ஆண்டில் 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கருவுற்றதும் பதிவு செய்து அதைப் பெறுவது உரிமை, சலுகையன்று. ஆனால் அப்பணம் பெண்ணின் உணவுக்கும் ஓய்வுக்கும் உரியது, கணவனின் கடனுக்குரியதன்று.

இளைஞர்களே! குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையை ஏற்ற பெண்கள், மேற்சொன்ன ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர். ஆண்கள் அறுவை செய்துகொண்ட இணையரோ நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆண்களுக்குரிய அறுவை எளியது. வயிற்றைத் திறக்க வேண்டுவதில்லை. ஆண்மையோ உழைக்கும் வலிமையோ குறையாது. பெற்றவளே அறுவையையும் ஏற்க வேண்டும் என்பது எந்த நீதி?

நான்காவது, நாற்பதுக்கு மேற்பட்ட பருவம். இலக்கியம் பெயரிடாத பருவம். வீடும் கவனியாத பருவம். நாற்பதைக் கடந்த சில ஆண்டுகளில் மாதவிலக்கு படிப்படியாக நிற்கிறது. உடற்சூடு, உறக்கமின்மை, எரிச்சல், காரணமற்ற அழுகை ஆகியவை தோன்றலாம். எலும்பும் தேயத் தொடங்கும். இதை அறியாத பிள்ளைகள் "அம்மாவுக்குக் கோபம் அதிகம்" என்று ஒதுங்கிப் போகின்றனர். மாதவிலக்கு நின்று ஓராண்டு கழிந்த பின் மீண்டும் இரத்தம் பட்டால் ஒருநாளும் தாமதியாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். கருப்பைவாய்ப் புற்றுநோயைச் சில நிமிடப் பரிசோதனையால் முன்னதாகவே கண்டறியலாம். முன்னதாகக் கண்டால் குணமாக்கலாம். முப்பது வயது கடந்த பெண்கள் அதற்கென ஒருமுறை மருத்துவமனை செல்ல நாணக்கூடாது. இந்நோயைத் தடுக்கும் ஊசியும் சிறுமிகளுக்கு உண்டு.

இன்னொன்றும் கூற வேண்டும். தொல்லை கொடுக்கிறதென்று இளவயதிலேயே கருப்பையை எடுத்துவிடும் வழக்கம் பரவுகிறது. மகாராஷ்டிர மாநிலம் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் கூலிப் பெண்கள் பலர் அவ்வாறு செய்துகொண்டது 2019ஆம் ஆண்டில் நாடறிந்த செய்தியாயிற்று. ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் தண்டம் கட்ட வேண்டும் என்னும் அச்சமும் அதற்கு ஒரு காரணம். உடலுறுப்பைக் கூலிக்கு விலையாகக் கொடுக்கும் நிலை நம் பெண்களுக்கு வரக்கூடாது. அறுவை வேண்டுமென்று ஒரு மருத்துவர் சொன்னால் இன்னொரு மருத்துவரையும் கேளுங்கள்.

இறுதியாக, பெயரைப் பற்றி ஒரு சொல். நம் பெண், இன்னார் மகளாகப் பிறந்து, இன்னார் மனைவியாக வாழ்ந்து, இன்னார் தாயாக முதிர்ந்து, இன்னார் பாட்டியாக மறைகிறாள். வயல் வரப்பிலோ "ஏ, இவளே" என்ற அழைப்பு ஒன்றே அவள் பெயராயிற்று. பெயர் கேட்கப்படாதவளின் வலியும் கேட்கப்படுவதில்லை. 1904இல் இரங்கூனில் பிறந்த அன்னை மீனாம்பாள், பெருந்தலைவர் ந. சிவராஜ் அவர்களின் துணைவியார். ஆயினும் தம் பெயராலேயே மேடையேறித் தம் குரலாலேயே மாநாடுகளுக்குத் தலைமை தாங்கினார். அந்த மரபு நமக்கு உண்டு.

ஆதலின் இளைஞர்களிடம் மூன்று வேண்டுகோள். வீட்டில் அனைவரும் ஒருசேர உண்ணுங்கள்; சட்டியில் உள்ளது சமமாகப் பகிரப்படட்டும். ஆண்டுக்கு ஒருமுறை தாயையும் மனைவியையும் தமக்கையையும் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மாதம் ஒருநாள் அவர்கள் அருகில் அமர்ந்து, "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டு, விடை வரும்வரை காத்திருங்கள். பட்டணத்தில் பணிபுரியும் பிள்ளைகள் பணம் மட்டும் அனுப்பினால் போதாது. தனிமையும் ஒரு நோயே.

சங்கத்திடம் ஒரே ஒரு விண்ணப்பம். புதிய கட்டடத்தில் நன்கொடையாளர் பெயர்ப் பலகை வைக்கப் போவதாக அறிகிறேன். பிடியரிசி தந்த தாய்மார்களின் பெயர்கள் அதில் முதலில் இடம்பெறட்டும். இன்னார் மனைவி என்றன்று, அவரவர் சொந்தப் பெயரிலேயே பொறிக்கப்படட்டும். அப்பெயர்களைக் கேட்டெழுத வீடு வீடாகச் செல்லும் இளைஞர்கள், பெயரோடு உடல்நலத்தையும் விசாரித்து வரட்டும். அவர்களுள் பலர் பதினேழு ஆண்டுகளாக அக்கேள்விக்குக் காத்திருக்கக்கூடும்.

 வாழ்க அண்ணலின் புகழ்! வளர்க நம் சங்கம்!