தோபியா புறப்பட்ட வீடு



சென்ற மாதம் சிவகாசியிலிருந்து ஒரு குடும்பம் பங்கு இல்லத்திற்கு வந்தது. கணவர் ஆப்செட் அச்சகத்தில் மிஷின் ஓட்டுபவர். மஸ்கட்டில் ஓர் அச்சகத்தில் இரண்டு ஆண்டு ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. மனைவி, மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள், கைக்குழந்தை எல்லாரையும் அழைத்துப் போகலாம். அவர்கள் வந்தது ஆசீருக்கு மட்டும் அல்ல, சான்றிதழ்களுக்கும்தான். திருமுழுக்குப் பதிவேட்டில் அவர் பெயர் சூசை. பள்ளிச் சான்றிதழில் ஜோசப். இரண்டும் ஒரே புனிதர் என்பது நமக்குத் தெரியும், தூதரகத்துக்குத் தெரியாதே! கோவிலில் கொடுத்த திருமணச் சான்று போதாது, சார்பதிவாளரிடம் பதிந்த சான்று வேண்டும், அதன்மேல் 'அப்போஸ்டில்' முத்திரை வேண்டும் என்றார்கள். அப்போஸ்தலர்கள் போடும் முத்திரையோ என்று ஒரு கணம் நானே திகைத்துப் போனேன்.

இதெல்லாம் முடிந்து வெளியே வந்தால், திண்ணையில் அவருடைய தாய். கணவனை இழந்து, தீப்பெட்டி ஆபீசில் கூலி வேலை பார்த்து மகனை ஆளாக்கியவர். "சாமி, எல்லாச் சர்டிபிகேட்டும் வாங்கிட்டாங்க. நான் கண்ண மூடுனா எப்ப வருவாங்கன்னு எதுலயாவது எழுதியிருக்கா?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அன்று இரவு தோபித்து நூலை எடுத்து வாசித்தேன். நீங்களும் இந்த வாரம் வாசியுங்கள், சிறிய நூல்தான். பார்வை இழந்த தோபித்துவின் வீட்டிலும் ஒரு தாய் கூலிக்கு உழைக்கிறாள். அன்னா நெய்து கொடுத்து, முதலாளி தரும் கூலியில் அடுப்பு எரிகிறது. மேதியா நாட்டில் கபேல் என்பவரிடம் கொடுத்து வைத்த பத்துத் தாலந்து வெள்ளியை வாங்கி வர மகன் தோபியா புறப்பட வேண்டும். தந்தை செய்யும் ஆயத்தங்களைப் பாருங்கள். முதலில் பத்திரம். எழுதி, இரண்டாகப் பிரித்து, ஆளுக்கொரு பாதி வைத்திருந்தார்கள். இருபது ஆண்டு கழித்தும் அது பேசுகிறது. அடுத்தது வழித்துணை. வந்தவர் இரபேல் வானதூதர் என்று தோபித்துவுக்குத் தெரியாது. அதனால் எந்தக் குலம், யார் மகன் என்று விசாரிக்கிறார், நாளுக்கு ஒரு திராக்மா, வழிச்செலவு தனி என்று கூலி பேசுகிறார். வானதூதரிடமே கூலி பேசி முடித்த மனிதர்!

நம் பிள்ளைகளோ ஏஜென்ட் சொன்ன வாய்வார்த்தையை நம்பிப் போகிறார்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். அரசிடம் பதிவு பெற்ற முகவரா என்று பாருங்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் ஓமன் போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி பெற வேண்டும். ஒப்பந்தத்தின் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். தோபித்து ஒரு பாதியைத் தன் கையில் வைத்திருந்தது போல.

மறுபடியும் அன்னாவிடம் வருகிறேன். மகன் புறப்படும்போது அவள் அழுகிறாள். பணத்தோடு பணம் சேர்க்க வேண்டாம், கடவுள் கொடுத்த வாழ்வே நமக்குப் போதும் என்கிறாள். தோபித்து தேற்றுகிறார். ஆனால் பயணம் நீள்கிறது. போன இடத்தில் தோபியாவுக்குத் திருமணம், பதினான்கு நாள் விருந்து. இங்கே தந்தை நாள்களை எண்ணுகிறார். தாய் ஒவ்வொரு நாளும் வெளியே வந்து, மகன் போன வழியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அங்கே நடந்தது நல்லதுதான். இங்கே காத்திருந்தவர்களுக்கு அது தெரிய வழியில்லை. இன்று கைபேசி இருக்கிறது. இருந்தும் எத்தனை அன்னாக்கள்!

அவரைப் போகாதே என்று நான் சொல்லவில்லை. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வராவிட்டால், இன்றைய சிவகாசி ஏது? அவர்கள் போனார்கள், கற்றார்கள், திரும்பினார்கள். ஆனால் இரண்டு வருடம் என்று போய், தங்கை கல்யாணம், மாடி கட்டுவது, அப்புறம் இன்னொரு கடன் என்று இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவர்களையும் நான் அறிவேன். ஆகவே எவ்வளவு சேர்ந்தால் போதும் என்பதைப் புறப்படும் முன்பே கணவனும் மனைவியும் உட்கார்ந்து எழுதுங்கள் என்றேன். எழுதியதைத் தாய்க்கு வாசித்துக் காட்டுங்கள் என்றும் சொன்னேன்.

குடும்பமாகப் போவது நல்லது. எகிப்துக்கு ஓடிய இரவில் சூசையப்பர் தனியாகப் போகவில்லை, குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு போனார். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1952-இல் குடிபெயர்வோருக்காக எழுதிய ஆவணம் அந்த நாடுகடந்த நாசரேத்துக் குடும்பத்தைச் சொல்லித்தான் தொடங்குகிறது. மஸ்கட்டின் ரூவியில் புனித பேதுரு பவுல் ஆலயம் உண்டு. வெள்ளியும் சனியும் அங்கே விடுமுறை, ஞாயிறு வேலை நாள். எனவே மக்கள் வெள்ளியன்று திருப்பலிக்குத் திரளுவார்கள். இதைச் சொன்னதும் சிறுமி, "அப்ப ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடமா பாதர்?" என்று முகம் சுளித்தாள். பள்ளிக்கூடம்தான் அம்மா. இரவில் பாட்டியிடம் தமிழில் செபம் சொல்லிவிட்டுத் தூங்கு என்று ஏற்பாடு செய்திருக்கிறோம், கைபேசியில்.

பாட்டியின் கேள்விக்கு வருகிறேன். அவசரத்துக்கு ஊருக்கு வர விமானச் செலவை யார் ஏற்பது, எத்தனை நாள் விடுப்பு என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கினார் மகன். அந்தத் தாளையும் தாயிடம் கொடுத்தார். அன்பியத்தில் இரண்டு குடும்பங்கள் மருந்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பொறுப்பேற்றிருக்கின்றன.

புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு பூசை முடிந்ததும், தன் மிஷினில் அடித்த புத்தாண்டுத் தினசரி காலண்டர் ஒன்றைத் தாயிடம் கொடுத்தார். அந்த அம்மா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்த வருசத்துக்கு உள்ளதைக் கடையில வாங்கிக்கிறேன். அதுக்கு அடுத்ததை நீ வந்து அடிச்சுக் குடுய்யா" என்றார்.